கோலுக்கு ஒரு வெளியாள்

ஜெக்கரியா பஸ் கண்டக்டராக இருந்தார் என்று சொன்னால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பஸ்ஸில் இருந்தார் என்பது உண்மைதான். தோளில் தோல் பை தொங்கியது, காதில் பென்சில் இருந்தது, வாயில் விசில் இருந்தது. ஆள்தான் அங்கே இல்லை. நாகப்பட்டினத்தில் பஸ் கிளம்பி, கடல் காற்று முகத்தில் அடித்ததும் அவர் கண் பாதி மூடிக்கொள்ளும். திருத்துறைப்பூண்டி போய்ச் சேரும்வரை அவர் எங்கோ ஒரு மைதானத்தின் ஓரத்தில் கைகட்டி நின்றுகொண்டிருப்பார். வேளாங்கண்ணிக்கு டிக்கெட் எடுத்தவர்களைத் திருப்பூண்டிவரை கொண்டுபோய் இறக்கி, வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

தஞ்சாவூர்ச் சீமை என்றால் நெல், கோயில், நாதஸ்வரம், அதோடு சரி என்று நினைக்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் எரிச்சல். எங்கள் பக்கம் கால்பந்து ஆடாத வயல் இல்லை. தை அறுப்பு முடிந்து, மேட்டூர் அணையை மூடி, வாய்க்கால் வற்றி, வயல் வெடித்துக் காய்ந்ததும் இரண்டு பக்கமும் மூங்கில் கம்பங்கள் முளைத்துவிடும். நாகப்பட்டினத்துக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் பங்குனியில் நடக்கும் பந்தயத்துக்கு மன்னார்குடியிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். சும்மா விளையாட்டு இல்லை அது. ஆடுகிறவனுக்குக் கூலி உண்டு, சாப்பாடு உண்டு, ஜெயித்தால் வேட்டி உண்டு. நாகை அணிக்குச் செலவு செய்தவர் கயிற்று மண்டி வைத்திருந்த ஜெகபர் அலி. திருத்துறைப்பூண்டி அணிக்கு மிராசுதார் துரைராசு. அவருக்கு அரிசி ஆலை இருந்தது. ஆலைக்கு வரும் நெல் விளைகிற வயலும் பெரும்பாலும் அவருடையதே.

நாகை அணிக்கு என்ன குறை, எந்த இடத்துக்கு எந்த ஆள் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிற வேலை ஜெக்கரியாவுடையது. அவர் ஒரு நாளும் ஆடியதில்லை. சின்ன வயதில் பனைமரத்திலிருந்து விழுந்து ஒரு கால் குட்டையாகிவிட்டது. ஆனாலும் அலி பாய்க்கு அவர் மேல்தான் நம்பிக்கை. "நம்ம கண்ணு ரெண்டும் கடையில இருக்கு, ஜெக்கரியா கண்ணு ரெண்டும் பந்துல இருக்கு" என்பார். நான் அலி பாயின் மண்டியில் சரக்கு இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தவன். அணியில் இடது பக்கம் ஓடினேன். நின்றேன் என்பது ஜெக்கரியாவின் கருத்து.

மாசி பிறந்தால் அவருக்குக் கனவுக் காலம். மண்டியில் தேங்காய்நார்க் குவியல்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஓட்டு இடுக்கில் இறங்குகிற வெயிலைப் பார்த்தபடி அணியை ஒவ்வொருவராக நிறுத்துவார். "முன்னாடி ஆள் இருக்கான். பந்து அவன் கால்ல கோழிக்குஞ்சு மாதிரி கூடவே வரும். நடுவுல நிக்கிறவனுக்கு மூச்சு பத்தாது, ஆனா மூளை இருக்கு. வலது பக்கம் பரவால்ல. இடது பக்கம்..." என்று என்னைப் பார்ப்பார். பெருமூச்சு விட்டுவிட்டு மேலே போவார். பின்னால் போகப் போகக் குரல் தாழும். கோல் கம்பத்துக்கு வந்ததும் நின்றே விடும். எங்கள் கோல்கீப்பர் முந்தைய வருடம் பினாங்குக்குக் கப்பலேறிவிட்டான்.

"கண்ணை மூடினா அதே சொப்பனந்தான் பாய்" என்று அலியிடம் ஒரு நாள் சொன்னார். "கம்பம் ரெண்டும் நிக்குது. நடுவுல ஆளில்ல. தண்ணி பாட்டுக்கு அந்த வழியா ஓடிக்கிட்டே இருக்கு. அடைக்க ஆளில்லையே."

அடைக்க ஓர் ஆள் உண்டு என்பது அவருக்கு மட்டும் தெரியும். ஐப்பசி நடவின்போது பனையடிக்குடி அருகே பஸ் பஞ்சராகி நின்றிருக்கிறது. வரப்பில் ஒருவன் நின்று நாற்று முடிகளைத் தூக்கி வயலுக்குள் வீசினான். முழங்கால் தண்ணீரில் நின்ற இன்னொருவன் ஒவ்வொன்றையும் பிடித்தான். நேரே வந்ததைப் பிடித்தான், தலைக்குமேல் போனதைப் பிடித்தான். தள்ளிப் போனதைப் பக்கவாட்டில் சாய்ந்து, விழப்போகிற கணத்தில் காற்றிலேயே திரும்பிப் பிடித்தான். அன்றைக்கு மழை மூட்டம். வானமும் வயலும் ஒரே நிறமாகக் கிடந்ததில் அவன் தண்ணீரில் நிற்கிறானா வானத்தில் நிற்கிறானா என்றே தெரியவில்லையாம். டயர் மாற்றி, எல்லோரும் ஏறி, டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்த பிறகுதான் ஜெக்கரியா அசைந்தார். அதற்குள் அவன் பெயர் காத்தான் என்று விசாரித்து வைத்திருந்தார். "ஆத்துத் தண்ணிக்குள்ளயே முளைச்ச ஆளு" என்று என்னிடம் சொன்னார்.

ஆனால் கேட்கப் பயந்தார். கழக ஆட்சி வந்துவிட்டது, ஏழைக்கு விடிந்துவிட்டது என்று மேடைதோறும் பேசிய வருடங்கள் அவை. விடியல் நடந்தே வந்தது போலிருக்கிறது. பனையடிக்குடிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. கூலியை உயர்த்திக் கேட்டு ஊரே செங்கொடிச் சங்கத்தில் இருந்தது. துரைராசு போன்ற மிராசுதார்கள் உள்ளூர்க்காரர்களை விட்டுவிட்டு லாரியில் வெளியாட்களைக் கொண்டுவந்து, போலீஸ் காவலில் அறுத்தார்கள். அடிதடி, கேஸ், ஜாமீன் என்று ஒவ்வொரு அறுப்பும் முடிந்தது. வெளியாள் என்ற சொல் காதில் விழுந்தாலே பெண்கள்கூட அரிவாளை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். அந்த ஊரில் போய், முதலாளி நடத்துகிற பந்தயத்துக்கு ஆள் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது?

கேட்காமலே காரியம் நடந்தது. நடந்த விதம்தான் ஜெக்கரியாவின் விதம். பந்தாட்டக்காரர்கள் அடுத்த ஊர் ஆட்டக்காரனையும் வெளியாள் என்றுதான் சொல்வோம். ஒரு மத்தியானம், பாதித் தூக்கத்தில் படிக்கட்டில் சாய்ந்தபடி அவர் டிரைவரிடம் உரக்கச் சொல்லியிருக்கிறார்: "இந்தத் தடவை வெளியாள் இறக்குனாத்தான் சரிப்படும். இருக்கிற ஆளுங்கள நம்பி நின்னா மானம் போயிடும். முதலாளிகிட்டச் சொல்லிட்டேன்." பின்சீட்டில் பனையடிக்குடிப் பெண்கள் இரண்டு பேர் இருந்ததை அவர் எங்கே பார்த்தார்! இரண்டாம் போகமான தாளடி அறுப்பு பாக்கி இருந்த நேரம் அது.

பஸ் திரும்பி வரும்போது பனையடிக்குடி முனையில் ரோட்டுக்குக் குறுக்கே ஊரே உட்கார்ந்திருந்தது. சங்கத் தலைவர் ஐயாவு எழுந்து வந்தார். மெலிந்த மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். நானும் அன்று அந்த பஸ்ஸில் இருந்தேன்.

"கண்டக்டரே, கீழ இறங்குங்க. எத்தனை வெளியாள் கொண்டாறீங்க?"

ஜெக்கரியா கனவு கலையாத கண்ணோடு இறங்கினார். "ரெண்டு பேருங்க."

"ரெண்டு பேர வெச்சு எந்த வயல அறுப்பீங்க?"

"அறுக்கிறதுக்கு இல்லீங்க. ஒருத்தன் கோல்ல நிக்கணும்."

கூட்டத்தில் சட்டென்று பேச்சு அடங்கியது. நிலம் அளப்பதும் கோலால்தான். அளந்தால் அடுத்தது ஆளை வெளியேற்றுவது.

"கோல் புடிக்க ஆளா? எங்க மனைக்கட்ட அளக்கப் போறீங்களா?" என்று ஐயாவு கேட்டார். அவர் குரல் அப்போதும் உயரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பின்வரிசையில் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான். "மாமா, அது பந்தாட்டம். கோலுன்னா பந்து போற வழி. அதை மறிக்க ஆள் தேடுறாரு." அவன்தான் காத்தான். அவனைப் பக்கத்தில் பார்த்த ஜெக்கரியாவுக்குத் தன்னைச் சுற்றி அரிவாள் இருப்பதே மறந்துவிட்டது. அவன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் சிரித்து ஓய்ந்தது. ஐயாவு சிரிக்கவில்லை. யோசித்தார். "எதுவா இருந்தா என்ன. உள்ளூர்ல ஆள் இருக்கும்போது வெளியாள் எறக்குறத சங்கம் ஒத்துக்காது. எங்க காத்தான் இருக்கான். அவன் நிப்பான்."

நாகப்பட்டினத்து அணிக்குக் காத்தான்தான் வெளியாள். அதை அந்த இடத்தில் எடுத்துச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? ஜெக்கரியா இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"ஒரு பேச்சு" என்றார் ஐயாவு. "அந்தத் துரைராசு பக்கம் மட்டும் இவன் ஆடக் கூடாது. வயித்துக்காக அவர் வயல்ல நிக்கிறோம். விளையாட்டுக்கும் அவர்கிட்ட நிக்கணுமா?"

"அது என் பொறுப்புங்க" என்றார் ஜெக்கரியா. அன்று மீதி வழி முழுக்க அவர் யாருக்கும் டிக்கெட் கிழிக்கவில்லை. ஜன்னல் வழியாகச் சிரித்துக்கொண்டே வந்தார்.

பொறுப்பு அவர் கையில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. முந்தைய வருடம் ஆள் எடுக்கும்போது, எனக்கு உனக்கு என்று இரண்டு அணியும் சட்டையைப் பிடித்துக்கொண்டன. அதனால் இந்த வருடம் நடுவர் மதலைமுத்து ஒரு முடிவு சொன்னார். அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர்க்காரனானாலும் எல்லா ஆட்டக்காரர்களையும் சின்னப் பிள்ளைகள் ஆள் பிரிப்பது போல உத்தி போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார். சம பலம் உள்ள இரண்டு பேர் தள்ளிப் போய் ரகசியமாக ஆளுக்கொரு பேர் வைத்துக்கொண்டு, தோளோடு தோள் கைகோத்து வந்து, இது வேண்டுமா அது வேண்டுமா என்று கேட்பார்கள். யார் எந்தப் பேர் என்று தெரியாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்ன பேருக்கு உரியவன் சொன்னவர் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். ஆள் எடுக்கிறவர், அதாவது நாகைக்கு ஜெக்கரியா, திருத்துறைப்பூண்டிக்குத் துரைராசு, அவன் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டால் அவன் அந்த அணி. பெரிய மனிதர்கள் இதைக் கேட்டு முதலில் சிரித்தார்கள். பிறகு, யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது என்பதால் ஒத்துக்கொண்டார்கள்.

உத்தி போட்டது திருவாரூரில் ஓர் அரிசி ஆலையின் களத்தில். நெல் அவித்துக் கொட்டியிருந்தார்கள். அந்த ஆவி களம் முழுக்கப் புகைபோல மிதந்தது. இனிப்பும் புளிப்புமான புழுங்கல் வாசனையில் ஆட்கள் இரண்டிரண்டு பேராகப் புகைக்குள் போனார்கள், புதுப் பேரோடு திரும்பி வந்தார்கள். போனவர்களும் வந்தவர்களும் வேறு வேறு ஆட்களோ என்று எனக்கு மயக்கமாக இருந்தது. மல்லிகை வேண்டுமா முல்லை வேண்டுமா, பொழுது வேண்டுமா நிலா வேண்டுமா என்று மீசை வைத்தவர்கள் குழந்தைக் குரலில் கேட்டார்கள். நான் முல்லை. ஜெக்கரியா மல்லிகை என்று சொல்ல வாயெடுத்து, தும்மி, முல்லை என்றுவிட்டார். என் தோளில் கை போடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கோல்கீப்பர்கள் கடைசி. காத்தானுக்கு ஜோடி நல்லக்கண்ணு என்ற திருத்துறைப்பூண்டிக்காரன். மோசமில்லை, ஆனால் காத்தான் இல்லை. பேர் சொல்லும் முறை ஜெக்கரியாவுடையது. ஆலை வாசலில் ஐயாவு துண்டைக் கையில் முறுக்கியபடி நின்றார். நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் துழாவுவதை நிறுத்தினார்கள். புகைக்குள்ளிருந்து இரண்டு பேரும் கைகோத்து வந்தார்கள்.

"ஆத்துத் தண்ணி வேணுமா, ஊத்துத் தண்ணி வேணுமா?"

ஜெக்கரியா கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் அவர் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியும். மழை மூட்டம், முழங்கால் தண்ணீர், காற்றில் திரும்புகிற உடம்பு. அவர் முகம் மலர்ந்தது.

"ஆத்துத் தண்ணி."

நல்லக்கண்ணு ஓர் அடி முன்னால் வைத்தான்.

ஜெக்கரியா கண்ணைத் திறந்து, நல்லக்கண்ணுவைப் பார்த்து, இவன் யார் என்பது போல விழித்தார். காத்தான் அசையாமல் நின்றான். பிறகு மெல்லத் திரும்பித் துரைராசுவுக்கு எதிரே போய் நின்றான்.

துரைராசு கெட்ட வார்த்தை பேசுகிறவர் இல்லை. யாரையும் வாங்க போங்க என்றுதான் சொல்வார். ஆனால் அவர் கை பின்னால் கட்டியது கட்டியபடி இருந்தது. தன் வயல் ஆளின் தோளில் அந்தக் கை அதுவரை பட்டதில்லை. "ஜெக்கரியா," என்றார், "இவன் நீங்க பாத்து வெச்ச ஆளுன்னு எல்லாருக்கும் தெரியும். நல்லக்கண்ணுவ இந்தப் பக்கம் விட்டுடுங்க. மாத்திக்குவோம். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

சொர்க்கத்துக் கதவைத் திறந்துவிட்டு உள்ளே வா என்கிறார்கள். வேண்டியவன் கிடைப்பான், ஐயாவுவுக்குக் கொடுத்த பேச்சும் நிற்கும். சரி என்று சொல்லுங்கள் அண்ணே என்று நான் மனதுக்குள் கத்தினேன். ஜெக்கரியாவின் உதடு பிரிந்தது.

"உத்திய மாத்தக் கூடாதுங்க" என்றான் காத்தான். அவன் துரைராசுவின் முகத்தைப் பார்க்கவில்லை, முதுகுக்குப் பின்னால் இருந்த கையைப் பார்த்துப் பேசினான். "ஊத்துத் தண்ணி உங்க பக்கம் வந்திருக்கு. தோள்ல கை போடுங்க."

எல்லோரும் ஜெக்கரியாவைப் பார்த்தார்கள். அவர் வாசலில் நின்ற ஐயாவுவைப் பார்த்தார், காத்தானைப் பார்த்தார்.

"போட்ட உத்தி போட்டதுதாங்க" என்றார்.

துரைராசுவின் கை முன்னால் வர வெகுநேரம் ஆனது. முதலில் விரல் பட்டது, பிறகு உள்ளங்கை. காத்தான் அந்தக் கையின் கனம் முழுவதும் இறங்கும்வரை நகராமல் நின்று, அப்புறம்தான் அந்தப் பக்கம் போனான். நெல் துழாவின பெண்களில் ஒருத்தி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா, தெரியவில்லை.

வாசலில் ஐயாவு ஜெக்கரியாவை மறித்தார். "பேச்சு தவறிட்டீங்க கண்டக்டரே."

"தவறிட்டேங்க."

"கோவமாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கை எறங்குனத நான் பாத்துட்டேன்" என்றுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பங்குனியில் நாங்கள் தோற்றோம். காத்தான் நின்ற கோலில் ஈகூட நுழையவில்லை. பனையடிக்குடியே கோட்டோரம் உட்கார்ந்து மிராசுதார் அணிக்குக் கைதட்டிய அதிசயத்தையும் பார்த்தேன். துரைராசுவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. என் வாழ்நாளில் நான் அடித்த ஒரே நல்ல பந்தைக் காத்தான் அந்தரத்தில் திரும்பிப் பிடித்தான். பக்கத்தில் பார்த்தால் நிஜமாகவே கனவுபோலத்தான் இருந்தது. கோட்டுக்கு வெளியே ஜெக்கரியா தன்னை மறந்து கைதட்டினார், எதிரணிக்கு.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபோது நாங்கள் இரண்டு பேரும் காத்தானிடம் போனோம். புது வேட்டியைத் தோளில் போட்டிருந்தான். ஜெக்கரியாவுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"ஏன்பா ஊத்துத் தண்ணின்னு வெச்சே? உன்ன நான் எப்பவும் ஆத்துத் தண்ணியில நிக்கிற ஆளாத்தானே நெனச்சேன்."

காத்தான் அவரை ஆச்சரியமாகப் பார்த்தான். "ஆத்துத் தண்ணி அவங்க வயலுக்குங்க. நாங்க குடிக்கிறது ஊத்துத் தண்ணிதான். தெனம் எங்க பாலத்து மேல போறீங்களே, பொம்பளைங்க ஆத்து மணல்ல பள்ளம் தோண்டி மொண்டுக்கிட்டு இருக்கிறது தெரியாதா? நீங்க பாத்திருப்பீங்க, அதைத்தான் கேப்பீங்கன்னு நெனச்சுத்தான் அந்தப் பேர வெச்சேன்."

அவன் போன பிறகும் ஜெக்கரியா அங்கேயே நின்றார். எத்தனையோ வருடமாக அந்தப் பாலத்தைக் கடந்தவர் அவர்.

மறுநாள் முதல் ட்ரிப்பில் பாலத்தின்மேல் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினாராம். காலைத் தாங்கித் தாங்கி ஆற்று மணலில் இறங்கிப் போய், ஊற்றருகே குடத்தோடு உட்கார்ந்திருந்தவளிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார். அவள் தயங்கி, பஸ்ஸை ஒரு தடவை பார்த்துவிட்டு, கொட்டாங்கச்சியில் மொண்டு கொடுத்தாளாம். சாயங்காலம் மண்டியில் தேங்காய்நார்மேல் படுக்காமல் உட்கார்ந்துகொண்டு இதை என்னிடம் சொன்னார்.

"உப்புக் கரிக்குதுடா" என்றார். "அதைத்தான் குடிக்கிறாங்க." சொல்லிவிட்டு அழுதார்.